ஸஃபரில் திறந்த வீடு

உம்மா வரப்போகும் தேதியைக் கேட்டதும் ஸுல்பிகா மாமி சந்தோஷப்படவில்லை. விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

அம்ரா மாமியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி சஜீத் வாப்பாவின் போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். குவைத்திலிருந்து உம்மா அனுப்பிய குரல் செய்தி அப்போதுதான் முடிந்திருந்தது. வேலைக்குப் போய் இரண்டு வருடம் நிறைகிறது, ஓகஸ்ட் இருபதாம் தேதி புதன்கிழமை விடியற்காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன் என்று உம்மா சொல்லியிருந்தார்.

மாமியின் விரல் நின்றது.

"ஹிஸ்புல்லா, அது ஒடுக்கத்துப் புதன்" என்றார் வாப்பாவிடம்.

இஸ்லாமிய வருடத்தின் இரண்டாவது மாதம் ஸஃபர். மாமிக்கு அது பீடை மாதம். அந்த மாதத்தில் கல்யாணம் கூடாது, புது வீட்டுக்குப் போகக் கூடாது, பயணம் கூடாது. அதன் கடைசிப் புதன்கிழமைதான் ஒடுக்கத்துப் புதன். அன்று மாமி ஒரு பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் வசனங்கள் எழுதுவித்து, அதைக் கழுவிய தண்ணீரை எல்லோருக்கும் குடிக்கக் கொடுப்பார். மாதத்தில் பீடை என்று ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசலில் மௌலவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஊரில் பலர் அந்தப் பழக்கத்தை விட்டும் விட்டார்கள். மாமி விடவில்லை.

"அவ போனதும் ஸஃபரில. போய் ஆறாம் நாள் இவனுக்கு டெங்கு. இப்ப வாறதும் ஸஃபரிலயா? மாசம் முடிய வரச் சொல்லு."

வாப்பா தலையைச் சொறிந்தார். அவர் உள்துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவர். எஞ்சினோடு மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார். மாமியோடு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கமாட்டார். மாமி அவருடைய மூத்த சகோதரி. உம்மா போன நாளிலிருந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டதும், அம்ராவுக்குத் தலை பின்னியதும், சஜீதோடு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்ததும் மாமிதான்.

ஆனால் மாசம் முடிய வருவது என்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. உம்மா வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் இருபத்தோராம் தேதி வியாழக்கிழமை வெளிநாடு போகிறார்கள். அந்த விமானத்தில் உம்மா ஏறாவிட்டால், பிள்ளை பார்க்க அவரையும் கூட்டிப் போய்விடுவார்கள். திரும்பி வர ஆறு மாதம் ஆகும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"ரெண்டு வருஷம் பொறுத்தம். ஆறு மாசம் ஓடிப் போயிடும்" என்றார் மாமி.

"உங்களுக்குச் சரியெண்டாச் சரி, ராத்தா" என்றார் வாப்பா. சொல்லும்போது அவர் அம்ராவின் பக்கம் திரும்பவே இல்லை.

சஜீத் போனை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

"உம்மாவுக்குச் சார்ஜ் முடியப் போகுது."

உம்மா போகும்போது அவனுக்கு மூன்று வயது. அவனைப் பொறுத்தவரை உம்மா அந்தப் போனுக்குள்தான் இருந்தார். வழக்கமாக இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

*

அது விடுமுறைக் காலம். அம்ரா காலையில் நூலகத்துச் சிறுவர் வட்டத்துக்குப் போவாள். அங்கே சனூஸா மிஸ் ஒரு பிஸ்கட் தகரத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் தமிழ் மாதங்கள் பன்னிரண்டும் இஸ்லாமிய மாதங்கள் பன்னிரண்டும் துண்டுக் கடதாசிகளில் இருந்தன. ஆளுக்கு இரண்டு எடுக்கவேண்டும். அந்த மாதத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடி அட்டையில் எழுதவேண்டும். அந்த மாதத்தில் நம் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தையும் அதன் கீழே எழுதவேண்டும்.

அம்ரா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். முதல் துண்டில் துல்கஃதா என்று இருந்தது. இரண்டாவதை விரித்தபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. ஸஃபர்.

பக்கத்தில் இருந்த லக்சாயினி எட்டிப் பார்த்தாள். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் அவள். அவளுக்கு ஆடி வந்திருந்தது.

"எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான்" என்றாள். "அக்காவின்ட கல்யாணம் ஆடி முடியட்டும் எண்டு நிக்குது. மாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் கோல் எடுத்து இண்டைக்கு எத்தனையாம் தேதி எண்டு கேக்கிறார்."

ஆடி என்ற பெயர் ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று லக்சாயினி கண்டுபிடித்தாள். அந்த மாதத்தில் பௌர்ணமி நிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்குமோ, அதன் பெயராம். அவ்வளவு நல்ல பெயருக்குப் போய் ஏன் பயப்படுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம். அட்டையை மதிலில் காயவைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தெருவில் திரியும் புள்ளிமான்களில் ஒன்று வந்து அதன் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டது.

"இனி ஆடி கெதியா முடிஞ்சிடும்" என்று லக்சாயினி மிச்ச அட்டையைத் தட்டி எடுத்தாள்.

அம்ராவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. சிரிப்பு போய்விட்டது.

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன. அம்ரா கொப்பியில் எழுதிக்கொண்டாள். ஸஃபர் என்றால் வெறுமை. அந்தக் காலத்தில் அரபு மக்கள் போருக்கும் பயணத்துக்கும் புறப்பட்டுப் போய்விட, அவர்களுடைய வீடுகள் வெறுமையாகக் கிடந்தன, அதனால் இந்தப் பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். துல்கஃதா என்றால் உட்கார்ந்திருக்கும் மாதம். போரை நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டில் இருந்த மாதம்.

அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மாதம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆட்கள் போனார்கள், வீடு வெறுமையானது. அவ்வளவுதானே? திரும்பி வந்தால் சரியாகிவிடும். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் மாமியிடம் கொப்பியை வாசித்துக் காட்டினாள்.

மாமி கடைசி வரை கேட்டார்.

"பாத்தியா" என்றார். "பேரே வெறுமை எண்டுதானே வெச்சிருக்காங்க. சும்மாவா வெச்சிருப்பாங்க?"

அம்ரா கொப்பியை மூடினாள். அலுமாரியைத் திறந்தாள். உம்மாவின் தொழுகை உடுப்பு மடித்தபடி இருந்தது. இரண்டு வருடமாக அதை யாரும் உடுத்தவில்லை. மாமி மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை துவைத்து வைப்பார். அதில் இப்போது உம்மாவின் மணம் இல்லை. சவர்க்கார மணம்தான் இருந்தது.

*

வியாழக்கிழமை பின்னேரம் அம்ரா அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். கச்சான் காற்றில் பறந்துவிடாமல் மூலைக்கு ஒரு செருப்பு வைத்திருந்தாள். பெயர் விளக்கம் எழுதியாகிவிட்டது. ஊரில் நடந்த சம்பவம்தான் மிச்சம்.

ஸஃபருக்குக் கீழே சுனாமி என்று எழுத நினைத்தாள். ஊரில் நடந்ததிலேயே கெட்டது அதுதான். கெட்டதெல்லாம் ஸஃபரில்தான் வரும் என்று மாமி சொல்லியிருக்கிறாரே. கோபத்தோடுதான் அப்படி நினைத்தாள்.

வாப்பாவிடம் தேதி கேட்டாள். அவர் எஞ்சின் துண்டு ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: இரண்டாயிரத்து நாலு, டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள்.

வாப்பாவின் போனில் தொழுகை நேரம் காட்டும் செயலியில் பழைய வருடங்களின் நாட்காட்டியும் இருந்தது. அம்ரா பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனாள். அவள் பிறந்த வருடம் போயிற்று. வாப்பாவும் உம்மாவும் கல்யாணம் முடித்த வருடம் போயிற்று. இரண்டாயிரத்து நாலு வந்தது. டிசம்பர் இருபத்தாறுக்கு மேலே பெருவிரலை வைத்தாள்.

ஸஃபர் இல்லை. துல்கஃதா.

இன்னொரு தடவை பார்த்தாள். துல்கஃதாவின் நடுப்பகுதி. ஸஃபர் அந்த வருடம் எப்போதோ முடிந்து, எட்டு மாதம் ஆகியிருந்தது. கணக்குப் பாடத்தில் விடை சரிவந்ததுபோல அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். போனையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். மாமி அங்கே இரவுக்குச் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமி, சுனாமி வந்தது ஸஃபரில இல்ல. துல்கஃதாவில. ஆக்கள் எங்கயும் போகாம வீட்டில இருக்கிற மாசத்தில. அப்ப ஸஃபரில ஒண்டுமில்லத்தானே?"

மாமியின் கையிலிருந்த கத்தி நின்றது. அம்ராவையும் போனையும் பார்த்தார். பிறகு கத்தியைக் கல்லில் வைத்து, கையைக் கழுவி, எழுந்து, குசினிக்குப் பின்னால் போய்விட்டார். மீன் பாதி கழுவியபடி கிடந்தது.

வாப்பா வந்தார். அவர் ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இக்ராம் மாமா எப்படி மவுத்தானார் என்று தெரியாதா என்று மெதுவாகக் கேட்டார்.

அம்ராவுக்குத் தெரியும். அவர் மாமியின் கணவர். அலுமாரியின் மேல்தட்டில் அவருடைய படம் இருக்கிறது. சுனாமியில் போனவர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவளுக்குச் சுனாமி புத்தகத்தில் இருக்கும் ஒரு பாடம். மாமிக்கு அது ஒரு காலை நேரம். இது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஒரு காகம் மதிலில் வந்திருந்து மீனைப் பார்த்தது. அம்ரா அதைத் துரத்தினாள். அது போகவில்லை. ஆகவே அவளே உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். மாமி செய்வதுபோலச் செதிள் சுரண்டி, தலை கிள்ளி, குடல் எடுத்தாள். இரண்டு மீன் கூழாகிவிட்டது. ஒன்று கைநழுவி விழ, காகம் தூக்கிக்கொண்டு போனது. மிச்சத்தைக் கழுவிச் சட்டியில் போட்டு மூடினாள். பிறகு குசினிக்குப் பின்னால் போய் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு மீன் கழுவத் தெரியாதே" என்றார் மாமி.

"ஒண்டைக் காகம் கொண்டு போயிட்டுது, மாமி."

மாமி தன் முந்தானையால் அம்ராவின் கையில் ஒட்டியிருந்த செதிளைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

அப்போது மாமியின் வீடு கிண்ணியாவில், கடற்கரையை ஒட்டி இருந்தது. இக்ராம் மாமா உள்ளே தள்ளி, வயல் பக்கத்தில் ஒரு புது வீடு கட்டினார். அந்த வருடம் ஏப்ரலில் கூரை போட்டு, சுவர் பூசி முடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கதவு மட்டும்தான் மிச்சம். குடி போவோம் என்று மாமா சொன்னார். அது ஸஃபர் மாதம். மாமி மாட்டேன் என்றார். ஸஃபர் முடிந்தது. அதற்குள் மரவேலை செய்த ஓடாவி மூதூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஓடாவி வருவார் வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் வருவதற்குள் நோன்பு வந்தது. நோன்பு முடிய மழை வந்தது. மழை முடியப் போவோம் என்றிருந்தார்கள்.

"அண்டைக்கு நான் ஒரு கல்யாணத்துக்கெண்டு இங்க டவுனுக்கு வந்திருந்தன். அவர் வரேல்ல. பழைய வீட்டிலயே இருந்தார்" என்றார் மாமி. "புது வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி போகேல்ல. இண்டைக்கும் அப்பிடியே நிக்குது."

அம்ரா மாமியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸஃபர் போகட்டும் எண்டு நான்தான் சொன்னன், அம்ரா. அந்த மாசத்தில ஒண்டுமில்லை எண்டா, நான் என்னத்துக்குக் காத்திருந்தன்? நீ சொல்லு."

அந்தக் கேள்விக்கு நூலகத்துப் புத்தகத்தில் பதில் இல்லை. பதில் தெரியாது என்று சொல்ல அம்ராவுக்கு வெட்கமாக இருக்கவில்லை.

"எனக்குத் தெரியாது, மாமி" என்றாள். "சுனாமியைப் பற்றி அட்டையில எழுதமாட்டன். உம்மாவைப் பற்றியும் இனிக் கேக்கமாட்டன்."

மாமி அவளைப் பார்த்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அழவில்லை. அழுது முடித்தவர்களின் கண்கள் போல இருந்தன.

"எழுது" என்றார். "அவர்ட பேரையும் எழுது. அது துல்கஃதாவில நடந்ததெண்டா அதிலதான் எழுதோணும். போன் எங்க?"

போன் மறுபடியும் சஜீதிடம் போயிருந்தது. உம்மாவைத் தரமாட்டேன் என்று அழுதான். ஒரு மாரி பிஸ்கட் கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. மாமி அதை வாய்க்குக் கிட்டப் பிடித்து, யாருக்கோ கட்டளை போடுவதுபோலப் பேசினார்.

"றஹ்மா, அந்தப் புதனிலயே வா. எனக்கு இன்னும் பயம்தான். பயத்தோட நான் இருந்துக்கிறன். நீ வா."

எஞ்சின் துண்டோடு வாசலில் நின்ற வாப்பா, கையிலிருந்த மண்ணெண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு கண் எரிகிறது என்று கிணற்றடிக்கு ஓடினார்.

*

ஒடுக்கத்துப் புதனன்று மாமி தன் பழக்கத்தை விடவில்லை. தட்டைக் கழுவித் தண்ணீரை எல்லோருக்கும் கொடுத்தார். சஜீத் சீனி கேட்டான். கட்டுநாயக்காவுக்குப் போயிருந்த வாப்பாவின் பங்கையும் மாமியே குடித்தார். உம்மாவோடு வாடகை வான் வந்து நிற்கும்வரை வாசலைவிட்டு அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் வாகனச் சத்தம் கேட்டபோது அவருடைய கை தூணைப் பிடித்தது.

பகல் இரண்டு மணிக்கு வான் வந்தது. உம்மா இறங்கினார். போனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். அம்ரா ஓடிப்போய் உம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். உம்மா ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மற்றக் கையைச் சஜீதை நோக்கி நீட்டினார்.

சஜீத் வாப்பாவின் கையிலிருந்த போனைப் பார்த்தான். உம்மாவைப் பார்த்தான். பிறகு ஓடிப்போய் மாமியின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

உம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. அதை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

"முதல்ல சாப்பிடு, றஹ்மா" என்றார் மாமி. "அவன் வருவான்."

உம்மா சாப்பிட்டார். குளித்தார். அலுமாரியில் இருந்த உடுப்பை உடுத்துத் தொழுதார். பாயில் சரிந்ததும் அப்படியே தூங்கிவிட்டார். பின்னேர அசர் தொழுகை நேரத்தில் அம்ரா எட்டிப் பார்த்தாள். சஜீத் போன் சார்ஜரைக் கொண்டுவந்து உம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலையில் மாமி தன் பையைக் கட்டினார். இனி இந்த வீட்டுக்கு உம்மா இருக்கிறார், நான் என் வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்றார். வாப்பாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஸஃபர் முடிய இன்னும் நாலைந்து நாள் இருந்தது. வாப்பா வாயைத் திறந்தார். உம்மா அவருடைய கையைக் கிள்ளினார்.

எல்லோருமாகப் பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் கடந்து போனார்கள். உம்மா விளக்குமாறு வைத்திருந்தார். அம்ரா வாளி வைத்திருந்தாள். சஜீத் மாமியின் மடியில் இருந்தபடி, எதிரே இருந்த உம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான்.

புது வீடு புதிதாக இல்லை. சுவரெல்லாம் பாசி. ஜன்னல் ஓட்டைகளில் தகரம் அடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்தார். மாமி இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். இருபத்தொரு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. பூட்டு அசையவில்லை. வாப்பா எண்ணெய் விட்டு, எஞ்சினைத் திட்டுவதுபோல அதைத் திட்டி, தட்டித் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. மூலையில் ஓடாவி விட்டுப்போன பலகைத் துண்டுகள் நாலு மட்டும் கிடந்தன. மாமி வாசற்படியில் நின்றுவிட்டார். ஒருவரும் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை.

சஜீதுக்குத்தான் பொறுமை இல்லை. அவன் மாமியின் காலுக்கு இடையால் நுழைந்து நடு அறைக்கு ஓடினான். "ஏய்" என்றான். வெறும் சுவர்கள் "ஏய்" என்றன. அவனுக்கு அது பிடித்துவிட்டது. "மாமி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். கொஞ்சம் யோசித்து, மெதுவாக, "உம்மா" என்றான்.

"ஓம், மகன்" என்றது வாசலில் இருந்து ஒரு குரல்.

சுவர் இப்படிப் பதில் சொல்லாது என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். உம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நீட்டிய கை வெறுமையாக இருக்கவில்லை.

மாமி அதைப் பார்த்தார். வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். பின் மற்றக் காலையும் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னல் ஓட்டை வரை நடந்துபோய், தகரத்தைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய முதுகு குலுங்கியது. அம்ரா போய்ப் பக்கத்தில் நின்றாள். வீட்டிலிருக்கும் அட்டையில் ஸஃபருக்குக் கீழே இன்னும் ஒரு வரி காலியாகக் கிடந்தது. அதில் என்ன எழுதவேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஹிஸ்புல்லா, ஜன்னலுக்குக் கதவு போடோணும். ஒரு ஓடாவிக்குச் சொல்லு."

"திங்கட்கிழமை வரச் சொல்றன், ராத்தா" என்றார் வாப்பா. "அதுக்குள்ள ஸஃபரும் முடிஞ்சிடும்."

"வேணாம்" என்றார் மாமி. "நாளைக்கே வரச் சொல்லு."